நெல் வயலில் தெளிக்கும் காசநோய் மருந்து

காணை வட்டாரத்தில் சம்பா நெல் தூர் கட்டும் பருவத்தில் நான்கு நாள் மழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் போதும். இலை நுனியில் தொடங்கி விளிம்போரமாக மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறத்தில் கருகல் இறங்கும். 2024 ஃபெஞ்சல் புயலில் நம் மாவட்டத்து வயல்கள் மூழ்கியதைப் போல வெள்ளம் நின்று வடியும் ஆண்டுகளில் இந்த நோய்க்கு இன்னும் வாய்ப்பு அதிகம். கருகிய இலையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதும், 'டேங்குக்கு ஒன்று' என்று ஒரு சிறு பொட்டலத்தை வாங்கி வந்து தெளிப்பதும் நெடுநாள் பழக்கம்.

அந்தப் பொட்டலத்தில் இருப்பது பூச்சிக்கொல்லியும் அல்ல, பூசணக்கொல்லியும் அல்ல. அது ஆன்டிபயாடிக். பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஒரு பங்கு டெட்ராசைக்ளின். இதில் ஸ்ட்ரெப்டோமைசின், காசநோயை அடக்குவதற்கு மனிதருக்குக் கிடைத்த முதல் ஆன்டிபயாடிக். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் இன்றும் மனிதருக்கும் மாட்டுக்கும் தரப்படுகின்றன.

பயிரில் இந்தக் கலவையைப் பயன்படுத்துவதை நிறுத்த மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. 2022 பிப்ரவரி முதல் உற்பத்தி, இறக்குமதிக்கும், 2024 ஜனவரி முதல் பயன்பாட்டுக்கும் தடை என்பது அதன் சாரம். ஆனால், அறிவிக்கை வந்த வேகத்தில் பழக்கம் மாறிவிடாது. இன்றும் அந்தப் பொட்டலத்தைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 'கூடாது' என்று மட்டும் சொன்னால் யாரும் விடுவதில்லை. ஏன் கூடாது என்பதை பாக்டீரியாவின் உடலுக்குள்ளே போய்ப் பார்த்தால்தான் விளங்கும்.

மண்ணும் கோழியும் தந்த மருந்து

ஸ்ட்ரெப்டோமைசின் தொழிற்சாலையில் பிறந்தது அல்ல. 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மன் என்ற மண் நுண்ணுயிரியல் பேராசிரியரின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் அதைக் கண்டெடுத்தார். அதைச் சுரந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர், எரு நிறையப் போட்ட மண்ணிலிருந்தும் ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் கிடைத்தது. முதல் மழைக்கு எழும் மண்வாசனையில் பெரும்பங்கு இந்தக் குடும்பத்து நுண்ணுயிர்கள் சுரக்கும் பொருளால்தான் வருகிறது.

மண்ணுக்குள் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று அடக்க இப்படிப்பட்ட பொருள்களைச் சுரக்கின்றன. அதைத் தாங்கும் வழியையும் வைத்திருக்கின்றன. ஆகவே, மருந்தை எதிர்க்கும் மரபணு நாம் மருந்து கண்டுபிடித்த பிறகு தோன்றியதல்ல. அதற்கு முன்பே மண்ணில் இருந்தது. நாம் செய்வது, அரிதாகக் கிடந்த அந்த மரபணுவுக்குத் தீனி போட்டு வளர்ப்பதுதான்.

மருந்து எங்கே அடிக்கிறது?

ஒவ்வொரு பாக்டீரியாவுக்குள்ளும் புரதம் செய்யும் ஆயிரக்கணக்கான சிறு ஆலைகள் உண்டு. அவற்றுக்கு ரைபோசோம் என்று பெயர். மரபணுவில் எழுதியுள்ள கட்டளையைப் படித்து, அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துப் புரதம் செய்வது இவற்றின் வேலை. ஸ்ட்ரெப்டோமைசின் இந்த ஆலையின் சிறிய பாதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே கட்டளை தப்பாகப் படிக்கப்படுகிறது. தப்பும் தவறுமான புரதங்கள் சேர்ந்து பாக்டீரியா சாகிறது. டெட்ராசைக்ளினும் இதே ஆலையில்தான் ஒட்டுகிறது. ஆனால், அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் வண்டி உள்ளே வராமல் வாசலை அடைக்கிறது. பென்சிலின் வேறு வகை. அது பாக்டீரியாவின் சுவர் கட்டும் நொதியை முடக்குகிறது.

இவற்றிலிருந்து தப்ப பாக்டீரியாவிடம் நான்கு வழிகள் உள்ளன.

முதல் வழி, மருந்து ஒட்டும் இடத்தை மாற்றிக்கொள்வது. ரைபோசோமில் எஸ்12 என்றொரு புரதம் உண்டு. அதில் 43-வது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அந்த இடத்தில் ஆர்ஜினின் வந்துவிடும். அவ்வளவுதான், ஸ்ட்ரெப்டோமைசின் பிடிப்பை இழக்கும். ஆலையோ வழக்கம்போல ஓடும். காசநோய்க் கிருமியில் காணப்படும் இந்த மாற்றமே, ஆய்வகத்தில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தாங்கி வளர்ந்த நெல் இலைக்கருகல் பாக்டீரியாவிலும் அதே 43-வது இடத்தில் காணப்பட்டிருக்கிறது. நோயாளியின் நுரையீரலுக்கும் நெல் இலைக்கும் சம்பந்தமில்லை என்று நாம் நினைக்கலாம். பாக்டீரியாவின் கணக்கில் இரண்டும் ஒரே பாடம்.

இரண்டாவது வழி, மருந்தையே கெடுத்துவிடுவது. சில பாக்டீரியாக்கள் ஒரு நொதியைச் செய்து, ஸ்ட்ரெப்டோமைசின் மீது கூடுதலாக ஒரு வேதிக் கூறை ஒட்டிவிடும். சாவியின் பல்லில் ஈயம் பூசியது போல, பிறகு அது பூட்டில் பொருந்தாது. பென்சிலினை எதிர்ப்பவை அதன் நாற்கோண வளையத்தையே வெட்டிவிடும் நொதியைச் சுரக்கின்றன.

மூன்றாவது வழி, உள்ளே வந்த மருந்தை இறைத்து வெளியே தள்ளுவது. பாக்டீரியாவின் உறையில் பம்புசெட் போன்ற புரதங்கள் உண்டு. டெட்ராசைக்ளினை எதிர்ப்பவற்றில் பல இப்படித்தான் தப்புகின்றன. நான்காவது வழி, வாசலைச் சுருக்குவது. மருந்து நுழையும் துளைகளைக் குறைத்துக்கொண்டால், உள்ளே போகும் அளவு கொல்லப் போதாது.

பாக்டீரியா கற்றுக்கொள்வதில்லை

'மருந்துக்குப் பழகிவிட்டது' என்று நாம் பேச்சில் சொல்கிறோம். அது சரியல்ல. தனி ஒரு பாக்டீரியா எதற்கும் பழகுவதில்லை. 1943-லேயே லூரியா, டெல்ப்ரூக் என்ற இரு அறிவியலாளர்கள், பாக்டீரியாவின் எதிர்ப்பு மாற்றங்கள் தாக்குதலைப் பார்த்த பிறகு வருவதில்லை, அதற்கு முன்பே தற்செயலாக நிகழ்ந்திருக்கின்றன என்று காட்டினார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸைக் கொண்டு அவர்கள் நிறுவிய உண்மை மருந்துக்கும் பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன எஸ்12 மாற்றம் சுமார் நூறு கோடி பாக்டீரியாவில் ஒன்றுக்கு நிகழலாம். அதைவிட அரிதாகவும் இருக்கலாம். அரிதுதானே என்று தோன்றும். ஆனால், நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும் குடல் பாக்டீரியா ஒன்று, பத்து மணி நேரத்தில் 30 முறை பெருகி 107 கோடியைத் தாண்டும். நெல் பாக்டீரியா இவ்வளவு வேகமாகப் பெருகாது. ஆனாலும், நோய் பிடித்த ஒரு வயலில் அதன் எண்ணிக்கை கோடி கோடியாக இருக்கும். ஆகவே, நாம் தெளிப்பானைத் தோளில் மாட்டும்போதே, மருந்துக்குச் சாகாத ஒன்றிரண்டு அங்கே இருக்கக்கூடும். மருந்து மற்றவற்றைக் கொல்கிறது. இடமும் உணவும் மிஞ்சியவற்றுக்குக் கிடைக்கிறது.

களை மேலாண்மையில் இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஹரியானா கோதுமை வயல்களில் குல்லி டண்டா என்ற புல்லுக்கு ஆண்டுக்கணக்கில் ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே களைக்கொல்லியை அடித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அந்தப் புல் அதற்குச் சாகாமல் நின்றது. ஆனால், களைக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. களை தன் எதிர்ப்புச் சக்தியைத் தன் இனத்துக்கு மட்டும்தான், மகரந்தத்தாலும் விதையாலும் கடத்தும். கோரையின் எதிர்ப்பு குதிரைவாலிக்குப் போகாது. பாக்டீரியாவில் போகும்.

கைமாறும் மரபணு

பாக்டீரியாவின் முதன்மை மரபணுத் தொகுதிக்கு வெளியே, பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்கள் உண்டு. ஒரு பாக்டீரியா இன்னொன்றை நெருங்கி, மெல்லிய குழாய் போன்ற பாலம் வழியே இந்த வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். பெறுவது அதே இனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்தும் இருக்கலாம். அப்போது ஒரு மருந்தைப் பயன்படுத்தினாலே மற்ற நான்குக்கான எதிர்ப்பும் கூடவே வளரும். தாமிரத்தைத் தாங்கும் மரபணுவும் சில வளையங்களில் ஒட்டிக்கொண்டு போகிறது. ஆகவே, ஆன்டிபயாடிக்குக்குப் பதில் தாமிர மருந்தை அளவின்றி அடிப்பதும் தீர்வாகாது.

இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பேரிக்காய் மரங்களின் தீக்கருகல் நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் அடித்துவந்தார்கள். 1971-லேயே அதை எதிர்க்கும் பாக்டீரியா அங்கே கண்டறியப்பட்டது. சீனாவின் நெல் வயல்களிலிருந்தும் ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்க்கும் இலைக்கருகல் பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. மருந்தைக் கெடுக்கும் நொதிக்கான மரபணு அதில் இருந்தது. மருத்துவமனைக் கிருமிகளிலும் காணப்படும் மரபணு அது.

கோலிஸ்டின் கதை இன்னும் கசப்பானது. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாகத் தரும் மருந்து அது. அதையே கோழி, பன்றித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்தார்கள். பிளாஸ்மிட் மூலம் கைமாறும் கோலிஸ்டின் எதிர்ப்பு மரபணுவை 2015-ல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பன்றி, இறைச்சி, நோயாளி என்று மூன்றிலும் அது இருந்தது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிக்கும் மீன் வளர்ப்புக்கும் கோலிஸ்டினைத் தடை செய்து இந்திய அரசு 2019 ஜூலையில் ஆணையிட்டது.

நம் மாநிலத்துக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. என்டிஎம்-1 என்ற நொதி, கடைசி வரிசை மருந்துகளான கார்பபெனெம்களையே வெட்டக்கூடியது. அது சென்னையிலும் ஹரியானாவிலும் நோயாளிகளிடம் எடுத்த பாக்டீரியாக்களில் இருப்பதை 2010-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொன்னது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. 2012-ல் நாட்டின் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கான சென்னைப் பிரகடனத்தை உருவாக்கின. 2019-ம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரும் ஆய்வு மதிப்பிட்டது.

அரைகுறை அளவே ஆபத்து

1940-களின் பிற்பகுதியில் பிரிட்டனில் காசநோயாளிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் தந்து பார்த்தார்கள். முதலில் தேறினார்கள். சில மாதங்களில் பெரும்பாலானோரின் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறியிருந்தது. அந்தப் பாடத்தால்தான் காசநோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்து, முழு அளவில், முழுக் காலமும் தரும் முறை வந்தது. வீட்டில் இருந்தபடியே அந்தச் சிகிச்சையைப் பெற முடியும் என்று உலகுக்கு நிரூபித்தது, 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்.

வயலில் இந்த நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்துகிறதா? மேல் இலையில் அதிகம் படுகிறது, அடி இலையில் துளிகூடப் படுவதில்லை. மாலையில் மழை வந்தால் கழுவிக்கொண்டு போகிறது. கொல்லப் போதாத அளவில் மருந்து படும் இடம்தான் எதிர்ப்புள்ள பாக்டீரியாவுக்கு நாற்றங்கால். தவிர, கருகல் பாக்டீரியா குடியிருப்பது இலையின் மேற்பரப்பில் அல்ல, நீர் ஏறும் குழாய்களுக்குள்ளே. மேலே தெளித்த மருந்து அங்கே போதிய அளவு போய்ச் சேர்வது கடினம். கருகிய இலை எதனாலும் மீண்டும் பச்சையாகாது. மழை ஓய்ந்து, வெயில் அடித்து, புது இலை வரும்போது நோயின் வேகம் தானாகவே தணிகிறது. அந்தப் பெயரைப் பொட்டலம் தட்டிக்கொண்டு போகிறது.

வயலில் என்ன செய்யலாம்?

முதலில் நோய் எது என்று உறுதி செய்யுங்கள். கருகல் தொடங்கிய இலையைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுமுனை மூழ்கும்படி வையுங்கள். சில நிமிடங்களில் பால்போலக் கசிவு இறங்கினால் பாக்டீரியா. கசிவு இல்லை என்றால் குலைநோயாகவோ, சாம்பல்சத்துக் குறைபாடாகவோ இருக்கலாம். பூசணத்துக்கும் சத்துக் குறைவுக்கும் ஆன்டிபயாடிக் எள்ளளவும் உதவாது.

அடுத்தது யூரியா. கருகலுக்கு வாசல் திறப்பது பெரும்பாலும் அளவுக்கு மீறிய தழைச்சத்துதான். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து இடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே நிறம் குறைந்தால் மட்டும் மேலுரம் போதும். கருகல் தெரிந்த வயலில் தழைச்சத்தை நிறுத்திவையுங்கள், சாம்பல்சத்தைக் குறைக்காதீர்கள். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள். அந்தக் காயம்தான் பாக்டீரியா நுழையும் வழி. நோயுள்ள வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். நோய் தென்பட்டவுடன் 20 சதவீதப் புதுச்சாணக் கரைசலை, அதாவது 100 லிட்டர் கரைசலுக்கு 20 கிலோ சாணம் என்ற அளவில் கரைத்து வடிகட்டி, 15 நாள் இடைவெளியில் இரு முறை தெளிக்கலாம். அந்தச் சாணம் ஊசி போட்ட மாட்டினுடையதாக இருக்க வேண்டாம். மாட்டுக்குப் போட்ட மருந்தில் ஒரு பங்கு சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது.

ஆண்டுதோறும் கருகல் வரும் வயலுக்கு ரகத்தை மாற்றுவதே நல்ல வழி. சம்பா மசூரி என்ற பி.பி.டி. 5204-க்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி இல்லை. அதில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து, ஐதராபாத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சிசிஎம்பி நிறுவனமும் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-ல் வெளியிடப்பட்டது. பாக்டீரியா ஒன்றைத் தாண்டினாலும் மற்ற இரண்டு தடுக்கும் என்பதே மூன்றைச் சேர்த்ததன் நோக்கம். காசநோய்க்கு மருந்துகளைச் சேர்த்துத் தரும் அதே தத்துவம்.

கொட்டகையும் ஒரு வயல்தான்

மடிநோய் வந்த மாட்டுக்கு, போன முறை மீந்த மருந்தை நாமே ஏற்றுவது, இரண்டாம் நாள் வீக்கம் வற்றியதும் நிறுத்திவிடுவது, மறுநாளே பாலைச் சங்கத்தில் ஊற்றுவது - மூன்றும் தவறு. பாலைக் காய்ச்சினால் பாக்டீரியா சாகும். மருந்தின் எச்சம் முழுதும் போய்விடாது. ஊசி போட்ட மாட்டின் பால் சரியாக உறையாததை வீட்டில் பெண்கள் கவனித்திருப்பார்கள். தயிராக்கும் நல்ல பாக்டீரியாவையே அந்த எச்சம் தடுக்கிறது என்பதுதான் காரணம். அதே பாலைத்தான் குழந்தையும் குடிக்கிறது.

கறந்த பிறகு காம்பை அயோடின் கரைசலில் நனைப்பதும், மாடு அரை மணி நேரம் படுக்காமல் இருக்கத் தீவனம் வைப்பதும் மடிநோயைப் பெருமளவு தடுக்கும். தொடக்க நிலையில் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சிறிது சுண்ணாம்பு சேர்த்து அரைத்து, மடியில் ஒரு நாளைக்குப் பல முறை தடவும் மூலிகை முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் சொன்ன நாள்வரை மருந்தைப் போடுங்கள். அவர் சொன்ன நாள்வரை பாலை ஊற்றாதீர்கள். கோழி எருவைப் பச்சையாக வயலில் கொட்டாமல் குவித்து, கிளறி, சூடேறி மக்கவிட்டு இடுங்கள். அந்தச் சூட்டில் பாக்டீரியாவில் பெரும்பகுதி அழியும்.

உழவரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

'ஆஸ்பத்திரியில் நடக்காததா? நான் தெளிக்கும் நான்கு பொட்டலத்தில்தான் உலகம் கெடப்போகிறதா?' என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. சளிக்கும் காய்ச்சலுக்கும் சீட்டில்லாமல் மாத்திரை விற்பது பெரிய தவறு. அதை விட்டுவிட்டு உழவரை மட்டும் விரல் நீட்டுவது நேர்மையல்ல. கருகும் பயிரைப் பார்த்துக்கொண்டு யாராலும் கைகட்டி நிற்க முடியாது. வழி காட்டாமல் தடை மட்டும் போட்டால், அந்தப் பொட்டலம் வேறு பெயரில் வரும்.

ஆகவே, அரசு செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, ஒன்றிய அளவில் சோதனை. காணையில் ஒருவர் காலையில் கொண்டுவரும் இலைக்கும் மடிநோய்ப் பாலுக்கும், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்ற பதில் இரண்டு மூன்று நாளில் கிடைக்க வேண்டும். அந்தப் பதில் கிடைக்காதவரை கடைக்காரரின் ஊகம்தான் மருந்துச் சீட்டு. இரண்டு, மருந்துக் காலத்தில் பாலை ஊற்றாமல் நிறுத்தும் உறுப்பினருக்குப் பால் சங்கங்கள் ஒரு பங்கு இழப்பீடாவது தர வேண்டும். நான்கு நாள் வருமானத்தை இழப்பவர் ஒருவர், அதனால் பயன் பெறுவோர் ஊரார் அனைவரும் என்றால், செலவை ஊரார் பகிர்வதுதான் முறை. மூன்று, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, கால்நடைத் துறை, வேளாண்மைத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து, மாவட்டத்தில் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது என்ற ஒரே பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மனிதர், மாடு, பயிர் என்று பாக்டீரியா துறை பிரித்துக்கொள்வதில்லை. நாம் மட்டும் பிரித்து உட்கார்ந்திருக்கிறோம்.

உங்கள் பங்குக்கு, அடுத்த முறை கடைக்குப் போகும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெயர் 'மைசின்' என்றோ 'சைக்ளின்' என்றோ முடிந்தால், இது ஆன்டிபயாடிக்கா என்று கேளுங்கள். ஆம் என்றால் வயலுக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். எது வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். நிலத்தடி நீரைப் போல இந்த மருந்துகளும் பொதுச்சொத்து. ஒருவர் வீணாக்கினால், நாளை நிமோனியாவோடு கிடக்கும் இன்னொருவர் வீட்டுப் பிள்ளைக்குப் போட்ட ஊசி வேலை செய்யாமல் போகும்.